உப்புக்காற்றில் ஒரு டிரம் கிட்: புதுச்சேரி, கடலூர் இண்டி டிரம்மர்களுக்கான கேள்வி பதில்

மெல்லிசைக் குழுவிலும் தேவாலயத்திலும் டிரம்ஸ் பழகி, பிறகு சொந்தப் பாட்டு போடும் சின்ன ராக் குழுக்களில், அதாவது இண்டி குழுக்களில், சேருகிறவர்கள் இந்தப் பக்கம் பெருகிவருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கிட் அமைப்பு, துரு, ட்யூனிங், காது, காசு எல்லாம் கலந்தே வரும், ஏனென்றால் டிரம்மரின் பிழைப்பில் இவை தனித்தனியாக வருவதில்லை.

இண்டி ராக்கில் "விசித்திர டிரம்மர்" என்று பெயர் எடுத்தவர்கள் அப்படி என்னதான் செய்தார்கள்?

பெரும்பாலும், எதையாவது விட்டுவிட்டார்கள். 1965இன் கடைசியில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் சேர்ந்த மோ டக்கர், பேஸ் டிரம்மைப் படுக்கவைத்து, நின்றுகொண்டு, துணிச்சுற்றிய மாலெட்டால் அடித்தார். சிம்பலை அநேகமாகத் தொடவே இல்லை. நைஜீரியாவின் பாபடுண்டே ஒலடுஞ்சியும் போ டிட்லியும் அவர் காதில் இருந்தார்கள். பாட்டு எவ்வளவு கலவரமாகப் போனாலும் அடி மாறாது. 1980களில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, சம்பள வேலையும் பார்த்துக்கொண்டே சொந்த இசைத்தட்டுகளை வெளியிட்டார். 1993இல் பழைய குழு ஐரோப்பாவில் மறுபடி மேடை ஏறியபோது கூட ஏறினார். டிரம்மரின் தொழில் வாழ்க்கை நேர்கோட்டில் போகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழுவின் 1985ஆம் ஆண்டு முதல் ஆல்பக் காலத்தில் பாபி கில்லெஸ்பி வைத்திருந்தது ஒரு ஸ்னேர் (அடியில் கம்பி பூட்டிய டிரம்), ஒரு ஃப்ளோர் டாம் (தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய டிரம்), அவ்வளவே. 1993இல் தொடங்கிய லோ குழுவின் மிமி பார்க்கர், 2022இல் மறையும்வரை, நின்றபடி பிரஷ்ஷால் மெதுவாக அடித்துக்கொண்டே பாடினார். டீர்ஹூஃப் குழுவின் கிரெக் சானியே இதற்கு நேர் எதிர்: கிட் சிறியது, வாசிப்போ புயல். இந்தியப் பக்கம் பார்த்தால், இந்தியன் ஓஷன் குழுவின் அமித் கிலம் டிரம்ஸோடு கப்குபி என்ற தந்தி பூட்டிய தாள வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டவர்.

இவர்கள் யாரும் வேடம் போடவில்லை. பாட்டுக்கு வேண்டாததை எடுத்துவிட்டதால் வந்த தோற்றம் அது. முதலில் தோற்றத்தைத் தீர்மானித்துவிட்டு அதற்குப் பாட்டு தேடினால், மூன்றாவது பாட்டிலேயே கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

நின்று வாசிக்கும் கிட்டை எப்படி அமைப்பது?

18 அங்குல ஃப்ளோர் டாம் அல்லது 20 அங்குல பேஸ் டிரம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் அப்படியே கவிழ்த்து வைக்கக் கூடாது. அடிப்பக்க ஸ்கின் மூச்சு விட முடியாமல் "டொப்" என்று செத்துப்போகும். டாம் ஸ்டாண்டிலோ, வளையத்தை மட்டும் தாங்கும் இரும்புச் சட்டத்திலோ ஏற்றி, மேல் விளிம்பு இடுப்பெலும்பு உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 85 முதல் 95 செ.மீ.க்குள் வருமாறு வையுங்கள். ஸ்னேர் அதைவிட ஒரு கை அகலம் உயரமாக, உங்களைப் பார்த்துச் சற்றே சாய்ந்து இருக்கட்டும்.

பலர் இடறுவது அடிநாதத்தில். பெடல் இல்லை, கிக் இல்லை. அந்த இடத்தை இந்தப் பெரிய டாம் நிரப்ப வேண்டும். மேல் ஸ்கின்னைச் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் இறுக்கி, கீழ் ஸ்கின்னை அதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். பேஸ் கிதார் வாசிப்பவரிடம் முன்கூட்டியே பேசி, நீங்கள் அடிக்கும் இடத்தில் அவர் நீளமான ஸ்வரம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உறுமினால் சவுண்ட் என்ஜினியர் முதலில் குறைப்பது உங்களைத்தான்.

முதுகுவலி இன்னொன்று. முழங்காலைப் பூட்டி நிற்பதால் வருவது அது. தோள் அகலத்துக்குக் கால் வைத்து, காலடியில் ரப்பர் பாய் போட்டு, பாட்டுக்குப் பாட்டு எடையை மாற்றி நில்லுங்கள். காலில் ஒரு டாம்பரின் கட்டினால் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) இல்லாத குறையும் பாதி தீரும்.

பறை, சட்டி மேளத்தை கிட்டுடன் சேர்க்கலாமா?

தாராளமாக. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பறையையும் சட்டியையும் ராக் டிரம்ஸையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டியது. தொழில்நுட்பத்தில் இரண்டு சிக்கல் உண்டு.

முதலாவது, தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும். பிளாஸ்டிக் ஸ்கின் அப்படித் தளராது. கடற்கரை மாலையில் முதல் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவே பறையின் சுருதி இறங்கிவிடும், கிட் அப்படியே நிற்கும். நெருப்பில் காய்ச்ச எல்லா மேடையிலும் விடமாட்டார்கள். அங்கே ஹாலஜன் விளக்கு ஒன்றை மேடைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பறைகளை மாற்றி மாற்றி எடுங்கள். தோலை விளக்கிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் பிடிக்க வேண்டும். நெருங்கினால் ஓரத்தில் பிளந்துகொள்ளும்.

இரண்டாவது, பறையின் மெல்லிய சிண்டுக்குச்சியின் "டக்"கும் ஸ்னேரின் "டக்"கும் ஒரே உயரத்தில் மோதிக்கொள்ளும். பறை அடிக்கும் பகுதியில் ஸ்னேர் கம்பியைத் தளர்த்திவிடுங்கள், அல்லது ஃப்ளோர் டாமுக்கு இறங்கிவிடுங்கள். பறைக்காரர் அடிக்கும்போது அவருக்கு மேல் அடிக்காமல் இருப்பதே சரியான ஏற்பாடு. அந்த வாத்தியம் தானாகவே முன்னால் வந்து நிற்கும்.

பண்ருட்டிப் பலா மரத்தில் ஸ்னேர் செய்து தருவார்களா?

மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பேர்போன மரம், அதனால் இந்த ஆசை நியாயமானது. கடைசல் தெரிந்த ஆசாரி கிடைத்தால் முடியும். அளவு மட்டும் மிருதங்கக் கணக்கில் போகக் கூடாது. 14 அங்குல ஸ்கின் தடையில்லாமல் உட்கார, ஷெல்லின் வெளிவிட்டம் சுமார் 352 மி.மீ. இருக்க வேண்டும். முழு 14 அங்குலத்துக்கு, அதாவது 355.6 மி.மீ.க்குச் செய்துவிட்டால் ஸ்கின் ஏறவே ஏறாது. மழைக்காலத்தில் மரம் ஊதும், அதற்கும் இடம் வேண்டும். விளிம்பை 45 பாகையில் சீவி, கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் ட்யூனிங் நிற்காது. கீழ் விளிம்பில் கம்பி படுக்க எதிரெதிராக இரண்டு இடத்தில் 1 முதல் 2 மி.மீ. பள்ளமும், நடுவில் 12 மி.மீ. காற்றுத் துளையும் மறக்காதீர்கள். பச்சை மரம் வேண்டவே வேண்டாம். காயாத பலா ஓராண்டுக்குள் கோணி, வட்டம் முட்டையாகிவிடும்.

பழைய கிட் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஸ்கின் கிழிந்திருந்தால் கவலை வேண்டாம், அது மாற்றும் பொருள். ஷெல் வட்டம், விளிம்பு, லக் மரை (ஸ்கின்னை இறுக்கும் ராடு திருகி ஏறும் இடம்), பெடல் பேரிங் ஆகிய நான்கும்தான் விலையைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு ராடையும் கையால் சுழற்றிப் பாருங்கள். நின்று நின்று சுழன்றால் மரை போயிருக்கிறது. வெள்ளத்தில் நனைந்த கிட்கள் சந்தைக்கு வருவதுண்டு. பேஸ் டிரம்முக்குள் கைவிட்டு, உள்பக்க மரத்தகடு அலையலையாகப் பிரிந்திருக்கிறதா என்று தடவுங்கள். பிரிந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. கிட் துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதற்குத்தான்.

காய்ந்த துணியால் தினமும் துடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. காற்றில் வரும் உப்பு குரோம் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே தண்ணீரை இழுத்து உருகும். நம் ஊர் விடியற்காலையில் இது சர்வசாதாரணம். குரோமில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் உண்டு. அதன் வழியே உப்புநீர் உள்ளே இறங்கி அடியில் உள்ள இரும்பைத் தின்னும். வெளியே தெரியும் பழுப்புப் புள்ளி, உள்ளே பரவிவிட்டதன் அடையாளம்.

ஆகவே வாரம் ஒருமுறை, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் முதலில் உப்பைக் கரைத்து எடுங்கள். உடனே காய்ந்த பருத்தித் துணி. மாதம் ஒருமுறை கார் மெழுகு மெல்லிய பூச்சாக, வளையங்களுக்கும் ஸ்டாண்டுகளுக்கும். சில பகுதிகளில் போர்த் தண்ணீரிலேயே உப்பு இருக்கும். அங்கே குடிநீரைப் பயன்படுத்துங்கள், ஒரு டம்ளர் போதும்.

துரு வந்துவிட்ட ராடுகளைக் கழற்றி வெள்ளை வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மரையில் துளி வாசலின் தடவிப் பூட்டுங்கள். சோடா உப்பு அலசலை விட்டால் மரையில் தங்கிய வினிகரே மறுநாள் புதுத் துருவைக் கொண்டுவரும். துருப்பிடித்த ராடை மாற்ற இரும்புக் கடைக்குப் போவதில் பயனில்லை. பெரும்பாலான கிட்களின் ராடு 12-24 என்ற அங்குல மரை. கடையில் கிடைக்கும் 5 மி.மீ. போல்ட் தொளதொளவென்று நிற்கும், 6 மி.மீ. நுழையாது. வற்புறுத்தித் திருகினால் லக்கின் மரை போய்விடும். சிம்பல் ஸ்டாண்டின் விங் நட் மட்டும் அநேகமாக 8 மி.மீ., அது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கிட்டை நைலான் பைக்குள் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். உள்ளே பூஞ்சை கட்டும். பருத்தி வேட்டியால் மூடி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து பலகை போட்டு உயர்த்தி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பேஸ் டிரம்தான் முதலில் மாடிக்குப் போக வேண்டும். மரம் அதிகம், இடமும் அதிகம் அடைக்கும், தண்ணீர் முதலில் தொடுவதும் அதைத்தான்.

சிம்பல் பச்சையாகிறது, ஓரம் வேறு வெடிக்கிறது. ஏன்?

பச்சை, தாமிரத்தின் வேலை. நல்ல சிம்பல்கள் 80 பங்கு தாமிரமும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த பி20 வெண்கலம். பி8 என்பதில் வெள்ளீயம் 8 பங்குதான். இரண்டும் உப்புக்காற்றில் பச்சை கட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், உண்மைதான். ஆனால் மேல் அச்சும் பழகிய ஒலியும் சேர்ந்து போய்விடும்.

வெடிப்பு அடிப்பவர் கையிலும் ஸ்டாண்டிலும் இருக்கிறது. விங் நட்டை இறுக்கி வைத்தால் சிம்பல் ஆட முடியாது, அடியின் வேகம் முழுக்க உலோகத்தில் தங்கும். நடுவில் பிளாஸ்டிக் ஸ்லீவ் இல்லாவிட்டால் ஸ்டாண்டின் மரை துளையை அறுத்துச் சாவித்துளை மாதிரி நீட்டிவிடும். 8 மி.மீ. உள்விட்டமுள்ள ட்யூபில் 3 செ.மீ. வெட்டிப் போட்டால் அந்தப் பிரச்சினை ஐந்து ரூபாயில் முடிந்தது. ஓரத்தில் வெடிப்பு தொடங்கியிருந்தால் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தலாம். துளை வெடிப்பின் உண்மையான நுனியைத் தாண்டி விழ வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைவிட வெடிப்பு சற்று நீளமாகவே ஓடியிருக்கும்.

ஸ்னேரை ட்யூன் பண்ணும் வரிசை?

பழைய ஸ்கின்னைக் கழற்றியதும் விளிம்பைத் துடையுங்கள். புது ஸ்கின்னைப் போட்டு எல்லா ராடையும் விரலால் போகும்வரை திருகுங்கள். பிறகு கீயால் (ராடைத் திருகும் சாவி) எதிரெதிர் லக்காக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. பக்கத்துப் பக்கத்தில் போனால் ஸ்கின் ஒருபக்கம் இழுத்து உட்கார்ந்துவிடும், பிறகு என்ன செய்தாலும் சீராகாது. இரண்டு வட்டம் முடிந்ததும் உள்ளங்கையால் நடுவில் அழுத்துங்கள். பசை முறியும் சத்தம் வரலாம், பயப்பட வேண்டாம். பிறகு கால் சுற்றாக ஏற்றி, ஒவ்வொரு லக்குக்கும் 2.5 செ.மீ. உள்ளே தட்டிப் பார்த்துச் சமன் செய்யுங்கள்.

மேலே ஒற்றை அடுக்கு 10 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பூச்சு ஸ்கின். பலமாக அடிப்பவருக்கு 7 மில் இரட்டை அடுக்கு. கீழே 3 மில், அதைத் தப்பித்தவறி மேலே போட்டால் முதல் அடியிலேயே ஓட்டை. கீழ் ஸ்கின்னை மேலதைவிட நன்றாக இறுக்குங்கள்.

கிதார் வாசிக்கும்போது ஸ்னேர் தானாக "ஸ்ஸ்" என்கிறதா? கம்பியை இறுக்கிக் கொல்ல வேண்டாம். அருகிலிருக்கும் சின்ன டாமின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தீர்வு.

வாடகை வீடு, மாடி. கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது பொய். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவே. சுவரைத் தாண்டும் சத்தத்தை எடையும் காற்று புகாத அடைப்பும்தான் தடுக்கும்.

மெஷ் பேட் கிட் (வலைத்துணி போட்ட, சத்தம் குறைந்த மின்னணு கிட்) வாங்கியும் புகார் வருகிறது என்றால் காரணம் பெடல். அதன் அடி தரை வழியாக இறங்குகிறது. இரண்டு 18 மி.மீ. பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து மேடை கட்டுங்கள். சின்ன கிட்டுக்கு 5க்கு 4 அடி போதும். கீழ்ப் பலகைமேல் இன்னொரு மெல்லிய பலகை, அதில் 5 செ.மீ. துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. கிட்டும் ஆளும் சேர்ந்து 120 கிலோ என்றால் 20 முதல் 25 பந்துகள் வேண்டும். குறைத்தால் பந்து நசுங்கிப் பலகை பலகையைத் தொடும், கூட்டினால் கல் மாதிரி விறைக்கும். மேல் பலகை சுவரைத் தொட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

காதுக்கு என்ன செய்வது?

இன்றே அடைப்பான் வாங்குங்கள். சின்ன அறையில் கிட் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அமெரிக்கத் தொழில்நலக் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். காதில் "ஙொய்" என்ற ரீங்காரம் இரவு தூங்கி எழுந்தும் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரிடம் போங்கள். போன கேட்புத்திறன் திரும்பி வராது. பஞ்சு உதவாது, அது மேல்சுருதியை மட்டும் மங்கவைத்து உங்களை இன்னும் பலமாக அடிக்கவைக்கும்.

எங்கே வாசிக்கலாம், சட்டம் என்ன சொல்கிறது?

ஜூன் 21, ஃபெத் த லா மியூசிக். 1982இல் பிரான்ஸில் தொடங்கிய இந்தத் தெரு இசை விழா புதுச்சேரியிலும் நடக்கிறது. புதிய குழுவுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. அடுத்தடுத்துக் குழுக்கள் ஏறும் மேடையில் இரண்டு டிரம்மோடு வருகிறவர் எல்லோருக்கும் பிரியமானவர். ஆரோவில் பக்கம் உட்கார்ந்து கவனித்துக் கேட்கிறார்கள். வெள்ளை நகரக் காஃபேக்களில் வார இறுதி வாய்ப்பு உண்டு, ஆனால் அறை சின்னது, சுவரெல்லாம் சுண்ணாம்பு, பிரஷ்ஷும், மெல்லிய மரக்குச்சிகளைக் கட்டிய ராட் ஸ்டிக்கும் இல்லாமல் போக வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். பொருளை அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் வாசிப்பது தமிழ்நாட்டு அனுமதி, புதுச்சேரி கடற்கரை ஒன்றியப் பிரதேச அனுமதி. ஒன்றைக் காட்டி மற்றதில் வாசிக்க முடியாது.

அரங்கத்து கிட்டில் வாசிக்கப் போகும்போது எதை எடுத்துப்போவது?

ஸ்னேர், சிம்பல்கள், பெடல், ஸ்டிக் நான்கு ஜோடி. கூடவே கீ இரண்டு, ஒட்டுநாடா, உபரி ஸ்னேர் கயிறு, ஃபெல்ட், ஒரு பழைய துண்டு. துண்டு பேஸ் டிரம்முக்குள் போகும், கையும் துடைக்கும். ஸ்டூல் முடிந்தால் சொந்தமானது. உயரம் மாறினால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

மூன்று மைக்கில் டிரம்ஸ் பதிவு செய்ய முடியுமா?

முடியும், இண்டி பாட்டுக்கு அதுவே அழகு. கிளின் ஜான்ஸ் முறை: ஒரு மைக் ஸ்னேர் நடுவிலிருந்து நேர் மேலே சுமார் 1 மீட்டர். இரண்டாவது ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, ஹை-ஹாட்டைப் பார்த்து. இரண்டும் ஸ்னேர் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் பிடித்து அளந்து பாருங்கள், கண் ஏமாற்றும். தூரம் மாறினால் ஒலியலைகள் ஒன்றையொன்று வெட்டி ஸ்னேர் உள்ளீடற்றுக் கேட்கும். மூன்றாவது மைக் பேஸ் டிரம்முக்கு முன். அதன் போலாரிட்டி பொத்தானை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) மாற்றி மாற்றிப் போட்டு, அடிநாதம் தடிப்பாக வரும் நிலையில் விடுங்கள். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதிந்தால் போதும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

கிரேடு பரீட்சை எழுத வேண்டுமா?

சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்க நினைத்தால் உதவும். பெற்றோர் கேட்பார்கள். குழுவில் சேர யாரும் கேட்கமாட்டார்கள்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

சொந்தக் குழுவை மட்டும் வைத்து, இந்தப் பக்கம் கடினம். வகுப்பு, கல்யாண மேடை மெல்லிசை, தேவாலயம், அடுத்தவர் ஆல்பத்துக்குப் பதிவு என்று நாலு வழியில் வந்து சேரும் காசுதான் மாத வாடகை. கல்யாண மேடையை மட்டமாகப் பார்க்காதீர்கள். ஒத்திகை இல்லாமல் முப்பது பாட்டு வாசிக்கும் கை வேறெங்கும் உருவாகாது.

பேசும்போதே பாதி முன்பணம் கேளுங்கள், ஒலி அமைப்பும் சாப்பாடும் வண்டிக்கூலியும் யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். நிறுவனங்கள் 10 சதவீதம் வரி பிடித்தால் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும்.

பாட்டு உரிமையில் டிரம்மர்கள் ஏமாறுவது அதிகம். சட்டப்படி இசையமைத்தவரும் எழுதியவரும் படைப்பாளிகள், வாசித்தவர் நிகழ்த்துநர். இரண்டுக்கும் உரிமை வேறு. ஒத்திகை அறையில் பாட்டு உங்கள் தாளத்திலிருந்தே பிறந்திருந்தால் இசையமைப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று கேளுங்கள். பாட்டின் பெயர், தேதி, ஆளுக்கு எத்தனை சதவீதம், எல்லோர் கையெழுத்து: ஒரு தாள் போதும். வெளியிடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பங்கு பெற்றவர் ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதியவர், இசையமைத்தவருக்கு ராயல்டி வசூலிக்கும் இந்தியச் சங்கம்) உறுப்பினராகி அந்தப் பாட்டைப் பதிவு செய்தால்தான் ராயல்டி வரும் வழி திறக்கும். அந்தத் தாளின் படம் குழுவில் எல்லோர் கைபேசியிலும் இருக்கட்டும்.